திருச்செல்வத்தின் பின் பிரேக்

திருச்செல்வம் கடையில் மீன் வாங்கினால் வீட்டுக்கு வந்து இன்னொரு முறை நிறுப்பார். எடை குறைந்திருந்தால் மீன்காரரிடம் போய்ச் சண்டை போடமாட்டார். குறைந்தது என்று தெரிந்தாலே அவருக்குப் போதும், அன்று முழுவதும் நிம்மதியாக இருப்பார். எடை சரியாக இருந்துவிட்டால்தான் சங்கடம். தன் தராசு பழுதாகிவிட்டதோ என்ற கவலை பிடித்துக்கொள்ளும். இதை அவர் மனைவி கௌசலா என்னிடம் சொல்லியிருக்கிறார். பொய் சொல்லக்கூடியவர் அல்ல.

பிரிக்பீல்ட்ஸில் எங்கள் அடுக்குமாடியில் அவர்கள் வீட்டுக்கு ஒரு மாடி கீழே நான் குடியிருக்கிறேன். குடியிருப்போர் சங்கத்தின் கூட்டக் குறிப்புகளை எழுதுவது நெடுங்காலமாக என் பொறுப்பு. அந்தப் பழக்கத்தில், இங்கேயும் நான் கண்டது எது, பிறர் சொல்லக் கேட்டது எது என்பதை அங்கங்கே சொல்லிவிடுகிறேன்.

சந்தேகப்படுவதற்காகத்தான் அரசாங்கம் திருச்செல்வத்துக்குச் சம்பளம் கொடுத்தது. அவர் பண்டகசாலைச் சரிபார்ப்பாளராக இருந்தவர். காகிதத்தில் இருக்கும் சாமான் கிடங்கில் இருக்கிறதா என்று பெட்டியைத் திறந்து பார்ப்பது அவர் வேலை. ஒரு முறை மேல் வரிசைப் பெட்டிகளில் மட்டும் சாமானும் கீழ் வரிசைகளில் செங்கல்லும் இருந்ததைக் கண்டுபிடித்தார். அன்றிலிருந்து எந்தப் பெட்டியையும் மேலிருந்து திறப்பதில்லை என்று அவரே பெருமையாகச் சொல்வார். மனிதர்களையும் அப்படித்தான் பார்த்தார். யாராவது முகம் பார்த்துச் சிரித்தால் சிரிப்புக்குக் கீழே என்ன இருக்கிறது என்று பார்ப்பார். மருத்துவப் பரிசோதனைக்கு அவர் போனதே இல்லை. இரத்தத்தை எடுத்துக்கொண்டு இல்லாத நோயைச் சொல்லி மருந்து விற்பார்கள் என்பது அவர் கணிப்பு. மகள் பிரேமினி சுபாங் ஜெயாவிலிருந்து வரும்போதெல்லாம் அழைத்துப் பார்ப்பாள். "உனக்கு அந்த கிளினிக்ல என்ன பங்கு?" என்று கேட்பார்.

ஓய்வு பெற்ற பிறகு கிள்ளானில் ஒரு மளிகை இறக்குமதிக்காரரின் கிடங்கில் அதே சரிபார்ப்பு வேலைக்குச் சேர்ந்தார். போய்வர ஒரு மோட்டார் சைக்கிள் வாங்கினார். முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் டிஸ்க் பிரேக் உள்ள வண்டி. கூட்டரசு நெடுஞ்சாலையின் ஓரத்தில் மோட்டார் சைக்கிள்களுக்கென்றே பிரித்துவிட்ட பாதையில் காலையில் கிள்ளானுக்குப் போவார், மாலையில் திரும்புவார். அந்தப் பாதையில் வழிப்பறி நடக்கிறது என்று பத்திரிகையில் படித்திருந்ததால் தோள்பையை வயிற்றுக்கு முன்னால் மாட்டிக்கொள்வார். பின்னால் வருகிறவர்களைக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே போவார்.

சென்ற ஆண்டு மழைக்காலத்துக்குச் சற்று முன் அந்த வண்டியின் பின் பிரேக் சத்தம் போட ஆரம்பித்தது. முதலில் சுவர்க்கோழி கத்துவதைப் போல மெல்லிய ஒலி. பிறகு சிலேட்டில் ஆணியால் கீறுவதைப் போல. அவர் மாலையில் வந்து வண்டியை நிறுத்தும்போது முதல் மாடியில் இருக்கும் எனக்குப் பல் கூசும்.

எங்கள் கட்டடத்துக்குப் பின் சந்தில் ஹைதரின் பட்டறை இருக்கிறது. அவன் தந்தை மஸ்ஜித் இந்தியாவில் துணி வியாபாரம் செய்தவர். மகனுக்குத் துணி பிடிக்கவில்லை, சக்கரம் பிடித்தது. நாற்பதைத் தாண்டியவன். வாய் ஓயாமல் பேசுவான், கையும் ஓயாது. எங்கள் கட்டடத்து வண்டிகள் எல்லாம் அவனிடம்தான் போய்க்கொண்டிருந்தன. திருச்செல்வமும் அவனிடமே போனார். வேறு வழியில்லாமல்தான் போகிறேன் என்று அவனிடமே சொல்லிவிட்டுப் போனார்.

ஹைதர் பிரேக்கைக் கழற்றிப் பார்த்தான். டிஸ்க்கை இரண்டு பக்கமும் கவ்வும் பேட்கள் கிட்டத்தட்ட இரும்பு தெரியும் அளவுக்குத் தேய்ந்திருந்தன. புதிய பேட் போட்டான். பேட்களைப் பிடித்திருக்கும் கெலிப்பரைக் கழுவி, அது நகரும் ஊசிகளுக்குக் கிரீஸ் தடவினான். சத்தம் போய்விட்டது. சில வாரங்களில் திரும்ப வந்துவிட்டது. பார்த்தால் புதிய பேட்டும் தேய்ந்து போயிருந்தது. சாதாரணமாக ஓர் ஆண்டு ஓட வேண்டியது.

இரண்டாம் முறை ஹைதர் வேறு தயாரிப்பாளரின் பேட் போட்டான். பிரேக் எண்ணெயை மாற்றினான். மூன்றாம் முறை டிஸ்க் வளைந்திருக்கிறதா என்று சுழற்றிப் பார்த்தான். அந்த முறை நானும் அங்கே இருந்தேன். டிஸ்க்கின் ஓரம் மயில் கழுத்தைப் போல நீலம் பாய்ந்திருந்தது. அதிகச் சூடு ஏறினால்தான் இரும்பு அந்த நிறத்துக்கு வரும் என்று ஹைதர் சொன்னான். திருச்செல்வம் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு அவன் கைக்கு மிக அருகில் உட்கார்ந்திருந்தார். தான் இல்லாத நேரத்தில் புதிய பேட்டை எடுத்துவிட்டுப் பழையதை மாட்டுகிறானா என்று பிடிப்பதற்காக, முந்தைய பேட்களின் பின்புறத்தில் ஆணியால் தன் பெயரின் முதல் எழுத்தைக் கீறி வைத்திருந்தார். கழற்றிய பேட்டில் அந்தத் 'தி' அப்படியே இருந்தது. அதைப் பார்த்தும் அவருக்கு மகிழ்ச்சி வரவில்லை.

"ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி தேஞ்சிருக்கு அங்கிள்," என்றான் ஹைதர். "கெலிப்பர் சிக்கினா ஒரு பக்கம்தான் தேயும். தப்பா நினைக்காதீங்க. பிரேக் மேல கால வச்சிக்கிட்டே ஓட்டுறீங்களா?"

திருச்செல்வம் எழுந்து நின்றுவிட்டார். "நான் லைசன்ஸ் எடுத்தப்ப நீ பிறக்கவே இல்ல. என் கால் எங்க இருக்குன்னு எனக்குத் தெரியாதா?"

"தெரியும் அங்கிள். சும்மா கேட்டேன் லா."

"சும்மா கேக்கிறவன நான் நிறைய பார்த்திருக்கேன்."

ஹைதர் அதற்குமேல் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. புதிய பேட் மாட்டி, வண்டியைச் சில நாள் தன்னிடம் விட்டுவிட்டுப் போகச் சொன்னான். அந்த நாள்களில் அவனே அதில் டெங்கில் என்ற ஊர் வரைக்கும் போய்வந்தான். ஒரு முனகல்கூட இல்லை. பேட்டும் தேயவில்லை. அதைச் சொல்லி வண்டியைத் திருப்பிக் கொடுத்தான். திருச்செல்வம் ஓட்டத் தொடங்கிய அதே வாரத்தில் சத்தம் மறுபடி வந்தது.

அன்று மாலை அவர் என் வீட்டுக்கு வந்தார். தேநீர் கொடுத்தேன், வழக்கம்போல் குடிக்காமல் ஆறவிட்டார். "அவன் கையில இருந்தா சத்தம் இல்ல. என் கைக்கு வந்தா சத்தம் வருது," என்றார். "இதுக்கு என்ன அர்த்தம், இராமலிங்கம்?" எனக்குத் தெரியவில்லை என்றேன். "உங்களுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். குடுக்கிறதுக்கு முன்னாடி ஏதோ பண்ணி விடுறான்."

இன்னொன்றும் சொன்னார். நெடுஞ்சாலைப் பாதையில் சில நாள்களாகப் பின்னால் வருகிறவர்கள் ஹாரன் அடிக்கிறார்களாம். பக்கத்தில் வந்து அவர் வண்டியின் பின்புறத்தைக் கையால் காட்டுகிறார்களாம். டயரில் காற்று இல்லை என்று சொல்லி நிறுத்த வைத்துப் பையைப் பறிக்கும் கூட்டம் அது, தான் ஒரு முறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை என்றார். அந்தக் கூட்டத்துக்கும் ஹைதருக்கும் தொடர்பு இருக்கலாம் என்பதையும் அவர் ஒதுக்கிவிடவில்லை.

அதன்பின் கிள்ளானில் கிடங்குக்குப் பக்கத்திலுள்ள ஒரு மலாய்க்காரரின் பட்டறைக்குப் போனார். இது அவர் எனக்குச் சொன்னது. அவருடைய மலாய், அலுவலகக் கடிதங்களில் கற்ற மலாய். இலக்கணம் பிசகாது. ஆனால் பட்டறைப் பேச்சு வேறு. நாம் தமிழில் தேய்மானத்தைத் 'தின்னுது' என்று சொல்வோம். ரோடு டயரைத் தின்கிறது, பிரேக் பேட்டைத் தின்கிறது. அதையே அவர் மலாயில் மாற்றி, பின் பிரேக் மாக்கான், ரொம்ப மாக்கான் என்று முறையிட்டார். மாக்கான் என்றால் சாப்பிடுவது, அவ்வளவுதான் அவருக்குத் தெரியும். பட்டறைகளிலோ பிரேக் மாக்கான் என்றால் நன்றாகக் கவ்விப் பிடிக்கிறது என்று பொருள். பிடிக்காவிட்டால்தான் 'தாக் மாக்கான்'.

அந்த மலாய்க்காரர், "மாக்கான்? பாகுஸ்லா," என்றிருக்கிறார். பிடிக்கிறதா, நல்லதுதானே என்று. இவர் விடாமல், இல்லை, அளவுக்கு மீறி மாக்கான் என்று அழுத்தியிருக்கிறார். மலாய்க்காரர் வண்டியில் ஏறித் தெருவைச் சுற்றி ஓட்டிப் பார்த்துவிட்டு வந்து, உண்மைதான், அருமையாக மாக்கான் என்று கட்டை விரலை உயர்த்திக் காட்டியிருக்கிறார். பிறகு கைப்பேசியில் யாரிடமோ சிரித்துப் பேசியிருக்கிறார்.

திருச்செல்வத்துக்கு எல்லாம் விளங்கிவிட்டது. ஹைதர் முந்திக்கொண்டு கிள்ளானுக்கும் சொல்லி வைத்திருக்கிறான்.

அவர் கிடங்கிலிருந்தபடியே எங்கள் அடுக்குமாடியின் புலனக் குழுவில், அதாவது வாட்ஸ்அப் குழுவில், ஒரு படத்தைப் போட்டார். தேய்ந்த பேட்கள் செய்தித்தாளின் மேல் வரிசையாக அடுக்கியிருந்தன. கீழே எழுதியிருந்தார்: "பின் சந்துப் பட்டறையில் போலிச் சாமான். ஆதாரம் என்னிடம் உள்ளது. கவனம்."

திருச்செல்வத்தின் பேச்சை ரசிக்காதவர்கள்கூட அவர் கண்ணை நம்பினார்கள். செங்கல் கதை எல்லாருக்கும் தெரியும். அந்த வாரமே எங்கள் கட்டடத்து வண்டிகள் பின் சந்தை விட்டுவிட்டு நாலு தெரு தள்ளிப் போகத் தொடங்கின. ஹைதர் பட்டறை வாசலில் உட்கார்ந்து, ஏற்கெனவே சுத்தமாக இருந்த ஸ்பானர்களைத் துடைத்துக்கொண்டிருந்ததை நான் பார்த்தேன்.

அது மட்டும் என்றால் நாளடைவில் சரியாகியிருக்கும். பட்டறை இருக்கும் கடையின் சொந்தக்காரர் விமலன் எங்கள் மேல்மாடியில் இருக்கிறார். ஹைதரின் வாடகை ஒப்பந்தம் அந்த மாதத்தோடு முடிகிறது. கைப்பேசி உறை விற்கும் ஒருவர் அந்த இடத்தைக் கேட்டு நடந்துகொண்டிருந்தார். படத்தைப் பார்த்த விமலன் குழுவிலேயே பதில் எழுதினார். ஏமாற்றுக்காரனுக்குத் தன் கடை கிடையாது, ஞாயிற்றுக்கிழமை சங்கக் கூட்டத்தில் திருச்செல்வம் அண்ணன் ஆதாரத்தைக் காட்டட்டும், அங்கேயே முடிவு சொல்கிறேன் என்று. ஹைதர் பதினைந்து ஆண்டுக்கு மேலாக இருக்கும் இடம் அது. போனால் பிரிக்பீல்ட்ஸில் இன்னோர் இடம் அவனுக்குக் கிடைக்காது.

கூட்டத்துக்கு முந்திய வியாழன் ஹைதர் என் வீட்டுக் கதவைத் தட்டினான். உள்ளே வரவில்லை. நாளைக் காலையில் திருச்செல்வத்தின் பின்னாலேயே போய் அவர் எப்படி ஓட்டுகிறார் என்று பார்க்கப் போவதாகச் சொன்னான். "நான் பார்த்துட்டு வந்து சொன்னா யாரு நம்புவா? சார் வாங்க. பின்னால உக்காந்து பாருங்க. என் மேல தப்புன்னா அதையும் எழுதுங்க."

எனக்கு மோட்டார் சைக்கிளில் உட்காரும் வயதில்லை. ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை எழுதப்போவது நான்தான். பார்க்காததை எழுதுவதில்லை என்பதால் ஒத்துக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை வானம் இருண்டிருந்தது. திருச்செல்வம் புறப்பட்டதும் நாங்கள் இடைவெளி விட்டுத் தொடர்ந்தோம். நான் ஹைதரின் சட்டையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தேன். நெடுஞ்சாலைப் பாதைக்குள் நுழையும் முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது. அவர் வண்டியின் பின் விளக்கு பளிச்சென்று சிவந்து எரிந்தது. பிரேக் பிடித்தால்தான் அப்படி எரியும். மேட்டில் ஏறும்போதும் எரிந்தது. முன்னால் ஒரு வண்டியும் இல்லாத நேர்ப்பாதையில் வேகமாகப் போகும்போதும் எரிந்தது. ஒரு கணம் அணைந்தது, மறுபடி எரிந்தது. பிரேக்கை மிதித்தபடியே கிள்ளானுக்குப் போகிற மனிதரை நான் அன்றுதான் பார்த்தேன்.

அவரும் எங்களைப் பார்த்துவிட்டார். கண்ணாடியில் ஹைதரின் வண்டி தெரிந்ததும் வேகத்தைக் கூட்டினார். மழை பிடித்துக்கொண்டது. சாலைக்கு அடியில் போகும் சுரங்கத்தில் பத்துப் பன்னிரண்டு பேர் வண்டிகளை நிறுத்தி ஒதுங்கியிருந்தார்கள். ஆள் இருக்கும் இடம்தான் பாதுகாப்பு என்று நினைத்திருக்க வேண்டும், அவர் அங்கே நுழைந்து நிறுத்தினார். இறங்கவில்லை. இயந்திரத்தையும் அணைக்கவில்லை. இடது காலை ஊன்றிக்கொண்டு, வயிற்றுப் பையை ஒரு கையால் அணைத்துக்கொண்டு எங்களைப் பார்த்தார்.

"அடிக்கிறதுக்கு ஆள் வேற கூட்டிட்டு வந்திருக்கியா?" என்றார் ஹைதரிடம்.

நான் தலைக்கவசத்தைக் கழற்றினேன்.

"இராமலிங்கம்? நீங்களுமா?"

உங்கள் பிரேக் விளக்கு பிரிக்பீல்ட்ஸிலிருந்து எரிந்துகொண்டே வருகிறது என்று சொன்னேன்.

"எரிய வச்சது யாரு?"

"நீங்கதான் அங்கிள்," என்றான் ஹைதர். "இப்பவும் எரியுது. கீழ பாருங்க."

அவர் உடனே கீழே பார்க்கவில்லை. குனிய வைத்துப் பையைப் பிடுங்கும் தந்திரமாக இருக்கலாம். சுரங்கத்தின் பின்சுவர் சிவப்பாக இருந்ததை முதலில் பார்த்தார். பிறகு பையை இன்னும் இறுக்கிக்கொண்டு மெல்லக் குனிந்தார். கிடங்கில் போடச் சொல்லிக் கொடுத்திருந்த கனத்த காலணி. அதன் வலது முனை பிரேக் மிதியின் மேல் உட்கார்ந்திருந்தது.

காலைத் தூக்கினார். சுவர் கறுத்தது. காலைத் திரும்ப வைத்தார். சுவர் சிவந்தது.

"நான் மிதி மேல வைக்கல," என்றார். "பக்கத்துலதான் வச்சேன்."

ஒதுங்கி நின்றவர்களில் உணவு கொண்டுபோய்க் கொடுக்கும் ஒருவன், பச்சைப் பெட்டி கட்டிய வண்டிக்காரன், சிரித்துவிட்டான். "இந்த அங்கிளா? ஹாரன் அடிச்சி அடிச்சி என் கட்டை விரலே வீங்கிப்போச்சி. கைய காட்டினா ஸ்பீடா ஓடுறாரு."

திருச்செல்வம் அவன் பக்கம் திரும்பாமல் காலணியையே பார்த்தார். காலை மறுபடி தூக்கினார், மறுபடி வைத்தார். பக்கத்தில்தான் வைப்பதாக நினைத்தார். சுவர் சிவந்தது. அவர் நடிக்கவில்லை என்பதை ஹைதரும் நானும் ஒரே நேரத்தில் உணர்ந்தோம் என்று நினைக்கிறேன். ஏனென்றால் ஹைதரின் முகத்திலிருந்த வெற்றி போய்விட்டது. அவன் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, "அங்கிள், பூட்ஸ கழட்டலாமா?" என்று கேட்டான்.

"எதுக்கு?"

"சும்மா, பார்க்கலாம்."

இந்தச் 'சும்மா'வுக்கு அவர் ஒன்றும் சொல்லவில்லை. கழற்றினார். காலுறையின் அடிப்பாகம் கறுத்து ஈரமாக இருந்தது. மழை ஈரம் என்றுதான் முதலில் நினைத்தேன். ஹைதர் காலணியைக் கவிழ்த்துத் தட்டினான். ஒன்றும் விழவில்லை. உள்ளே கையை விட்டுத் தடவி, அடித்தோலில் மேல்நோக்கிக் குத்திக்கொண்டிருந்த ஒரு கம்பியைப் பிடுங்கினான். அட்டைப்பெட்டிகளை மூட அடிக்கும் செம்பு நிறக் கம்பி. கிடங்குத் தரையில் எங்கும் கிடப்பது. காலணியின் அடியைத் துளைத்து உள்ளே வந்திருந்தது. உறையைக் கழற்றியபோது விரல்களுக்குக் கீழே உள்ள சதையில் பழைய புண் இருந்தது. அன்று வந்த புண் அல்ல.

திருச்செல்வம் கம்பியை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"இத யாரு வச்சது?" என்று கேட்டார்.

  பிறகு அவரே குரலைத் தாழ்த்தி இன்னொரு கேள்வி கேட்டார். "எப்ப வச்சது?" அதற்கு அவரைத் தவிர வேறு யார் பதில் சொல்ல முடியும்? அவருக்கும் தெரியவில்லை. ஹைதர் அவர் பெருவிரலை அழுத்திப் பிடித்து, தெரிகிறதா என்று கேட்டான். நீ பிடிக்கவே இல்லை என்றார். பிடித்துக்கொண்டிருந்த கையைக் கண்ணால் பார்த்துக்கொண்டேதான் அப்படிச் சொன்னார்.

அங்கிருந்து பக்கத்து ஊரில் ஒரு கிளினிக்குக்கு அவரை ஹைதர் தன் வண்டியில் ஏற்றிக்கொண்டு போனான். நான் மழை விட்டதும் டாக்சியில் போனேன். சர்க்கரை அளவைப் பார்த்த மருத்துவர் இரண்டாம் முறையும் பார்த்தார். அவரும் நம்பவில்லை. நீண்ட காலமாகக் கவனிக்காத சர்க்கரை, பாதங்களின் உணர்ச்சி போய்விட்டது, வலது காலில் அதிகம் என்றார். இன்னும் சில வாரங்கள் விட்டிருந்தால் விரல்களை எடுக்க வேண்டி வந்திருக்கும் என்று, செய்தி கேட்டு வந்த கௌசலாவைத் தனியே அழைத்துச் சொன்னாராம். கண்ணை மூடச் சொல்லி ஒரு நைலான் இழையால் பாதத்தைத் தொட்டுத் தொட்டுக் கேட்டிருக்கிறார். தொடாமலே தொட்டதாகச் சொல்கிறார் என்று திருச்செல்வம் அவரைக் குற்றம் சாட்டினார். வீட்டுக்கு வந்த பிறகும் அதையே சொன்னார். "தொட்டதுக்கு ஒரு அடையாளம் வேணாமா?"

என்றாலும் பிரேக் விஷயத்தில் அவருக்குச் சந்தேகம் இல்லை. சுவர் சிவந்ததைத் தன் கண்ணால் பார்த்தவர். முன்னால் எந்த வண்டி எப்போது நிற்குமோ என்று வலது காலை எப்போதும் மிதிக்கு மேல் தயாராக வைத்து ஓட்டுவது அவர் பழக்கம். உணர்ச்சி இருந்தவரை அது மேலே நின்றது. உணர்ச்சி போனதும் கீழே இறங்கிவிட்டது, அவருக்குச் செய்தி வரவில்லை. சனிக்கிழமை காலை அவர் புலனக் குழுவில் எழுதினார்: "ஹைதர் மேல் குற்றம் இல்லை. பிரேக் தேய்ந்ததற்குக் காரணம் என் கால். வருந்துகிறேன்."

அதற்கு வந்த பதில்கள் என் கைப்பேசியில் இன்னும் இருக்கின்றன. முதலில் எழுதியவர் மூன்றாம் மாடிக்காரர்: "திருச்செல்வம் அண்ணே, போன் உங்க கையிலதான் இருக்கா?" அடுத்தவர்: "யாரும் லிங்க் எதையும் அமுக்காதீங்க. ஸ்கேமர் மாதிரி இருக்கு." இன்னொருவர்: "அண்ணன் வருந்துகிறேன்னு எழுத மாட்டாரே." விமலன் கடைசியாக எழுதினார்: நாளைக் கூட்டத்தில் நேரில் பேசிக்கொள்ளலாம்.

ஞாயிற்றுக்கிழமை கீழ்த்தளக் கூடத்தில் வழக்கத்தைவிட அதிகப் பேர் வந்திருந்தார்கள். ஹைதர் உள்ளே வராமல் வாசற்படியில் நின்றான். திருச்செல்வம் கௌசலாவின் தோளைப் பிடித்துக்கொண்டு வந்தார். வலது பாதத்தில் கட்டு, பெரிய செருப்பு. நடந்ததை வரிசை தவறாமல் சொன்னார். சுரங்கத்தில் தான் ஹைதரைக் கேட்ட கேள்வியைக்கூட விடவில்லை. நான் கண்டதை நானும் சொன்னேன்.

விமலன் மரியாதையாகத்தான் கேட்டார். "அண்ணே, உங்கள கிளினிக்குத் தூக்கிட்டுப் போனது அவன். அந்த நன்றி உங்களுக்கு இருக்கும். நான் தப்பா சொல்லல. ஆனா கால் பிரேக்ல இருக்கிறது தெரியாம ஒரு மனுஷன் எப்படி ஓட்டுவாரு? கம்பி குத்தினது தெரியாம எப்படி இருப்பாரு? என்னால நம்ப முடியல. அடியில திறந்து பார்க்காம எதையும் நம்பாதீங்கன்னு எங்களுக்கெல்லாம் சொன்னது நீங்கதானே?"

கூடத்தில் சிலர் தலையாட்டினார்கள். திருச்செல்வம் கோபப்படுவார் என்று நினைத்தேன். நல்ல கேள்வியைக் கேட்ட பரிசோதகரைப் பார்ப்பதைப்போல அவரைப் பார்த்தார். பிறகு வாசற்படியில் நின்றவனைப் பார்த்தார். ஹைதர் தலையைக் குனிந்திருந்தான்.

"நாற்காலி ஒண்ணு போடுங்க," என்றார். அதில் உட்கார்ந்து, எதிரே இன்னொன்றை இழுத்துப் போடச் சொல்லி, அதன்மேல் வலது காலை நீட்டினார். செருப்பைக் கழற்றினார். புண்ணைக் கட்டியிருந்த துணிக்கு வெளியே விரல்கள் ஐந்தும் தெரிந்தன. "விமலன், சட்டைப் பையில பேனா வச்சிருக்கீங்களே, மை பேனாதானே? திறந்துட்டு வாங்க."

"எதுக்கு அண்ணே?"

"நான் முகத்த மூடிக்கிறேன். விரல்ல குத்துங்க. குத்தினா நான் சொல்றேன். எப்ப எந்த விரல்ல குத்தினீங்கன்னும் சொல்றேன். சரியா சொன்னா நான் பொய்யன். அவன் கடைய எடுத்துக்கோங்க."

கௌசலா வேண்டாம் என்றார். அவர் கேட்கவில்லை. தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார். விமலன் என்னைப் பார்த்தார்.  அவர் குனிந்து, பெருவிரலை மெல்ல ஒரு முறை குத்தினார்.

"தயங்காதீங்க," என்றார் திருச்செல்வம் துண்டுக்குள்ளிருந்து. "நான் கத்தமாட்டேன்."

விமலன் இன்னும் அழுத்திக் குத்தினார். நடு விரலில் குத்தினார். சுண்டு விரலில் குத்தியபோது பேனா முனை சற்று உள்ளே போய் வந்ததை நான் பார்த்தேன். கூடத்தில் யாரோ பல்லிடுக்கில் மூச்சை இழுத்தார்கள்.

"என்ன விமலன், பயமா? குத்துங்கன்னா."

"போதும் பாஸ்," என்றான் ஹைதர் வாசலிலிருந்து. முதல் முறையாகப் படியைத் தாண்டி உள்ளே வந்திருந்தான்.

விமலன் பேனாவை மூடினார்.  "குத்தியாச்சு அண்ணே."

துண்டு விலகியது. "பொய்," என்றார் திருச்செல்வம்.

 அவர் மூக்குக் கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டு, சிரமப்பட்டு முன்னால் குனிந்து, தன் காலைப் பார்த்தார். நீலப் புள்ளிகள். பெருவிரலில், நடு விரலில், சுண்டு விரலில். ஒன்றை விரலால் தேய்த்தார். மை இழுபட்டது. விரலை மூக்குக்கு அருகே கொண்டுபோய் முகர்ந்தார். காலைத் திருப்பி அடியிலும் பார்த்தார். மறுபடி மேலே வந்து புள்ளிகளைப் பார்த்தார். நான் அறிந்தவரை அவர் அத்தனை நேரம் ஒரு பொருளைச் சரிபார்த்ததில்லை.

"கடைய அவன்கிட்டயே குடுங்க," என்றார், தலையைத் தூக்காமல்.

"நாளைக்கு வந்து ஒப்பந்தத்துல கையெழுத்துப் போட்டுட்டுப் போ ஹைதர்," என்றார் விமலன். அவரும் காலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஹைதர் பக்கத்தில் வந்து குனிந்தான். "அங்கிள், முதல்ல கால கழுவுங்க. மை புண்ணுல இறங்கிடப் போவுது."

"இரு," என்றார் திருச்செல்வம். "இன்னும் பார்த்து முடியல."